ஹைபிரிட் காருக்கு எந்த வேகத்தில் மைலேஜ் அதிகம்? நீங்களே அளந்து பார்க்கலாம்

எந்த வேகத்தில் போனால் மைலேஜ் நன்றாகக் கிடைக்கும் என்று கேட்டால் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். ஒருவர் 60 என்பார், இன்னொருவர் 80 என்று அடித்துச் சொல்வார். பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிடைப் பொறுத்தவரை அந்த எண் காருக்குக் கார் மாறும். அதே காரில் ஏசி போட்டால் ஓர் எண், அணைத்தால் வேறோர் எண். ஆகவே யாரிடமும் கேட்க வேண்டாம். சமதளமான சாலையும் ஒரு விடியற்காலையும் கிடைத்தால் போதும், உங்கள் காருக்கான எண்ணை அளந்தே சொல்லிவிடலாம்.

இங்கே சொல்லும் முறை கிராண்ட் விட்டாரா, ஹைரைடர், இன்னோவா ஹைக்ராஸ், ஹோண்டா சிட்டி போன்றவற்றின் ஸ்ட்ராங் ஹைபிரிட் (மோட்டாரால் மட்டுமே கொஞ்ச தூரம் ஓடக்கூடிய) மாடல்களுக்குப் பொருந்தும். இலங்கையில் ஓடும் அக்வா, பிரியஸ் கார்களுக்கும் இதே முறைதான். எர்டிகா போன்ற மைல்ட் ஹைபிரிடுகள் மோட்டாரால் மட்டும் ஓடாது. அவற்றுக்குப் பேட்டரி பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள்.

என்ன நடக்கிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 60-லிருந்து 90-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்குதான், எதிர்ப்போ இரண்டேகால் மடங்கு. 80-லிருந்து 100-க்குப் போனால் 56 சதவீதம் கூடுகிறது.

அப்படியானால் ஊர்ந்துகொண்டே போனால் மிச்சமா? அதுவும் இல்லை. ஏசி சுமார் 1 கிலோவாட் இழுக்கிறது என்று வையுங்கள். 20 கி.மீ. வேகத்தில் போனால் அது மட்டும் கிலோமீட்டருக்கு 50 வாட்-மணி தின்றுவிடும். 60-ல் அதே ஏசிக்குக் கிலோமீட்டருக்கு 17 வாட்-மணிதான். ஒரு பக்கம் காற்று, மறு பக்கம் ஏசி. இரண்டுக்கும் நடுவில் உள்ள வேகத்தைத்தான் தேடப் போகிறோம்.

இன்னொரு விஷயத்தையும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். மோட்டாரால் மட்டும் ஓடுவதைக் காட்டும் இவி விளக்கு எரிகிறது என்றால் இலவசமாக ஓடுகிறது என்று பலரும் நம்புகிறார்கள். பிரேக் பிடிக்கும்போது திரும்பிய மின்சாரம் என்றால் அது உண்மைதான். ஆனால் சமதளத்தில் ஒரே வேகத்தில் போகும்போது பிரேக்கே பிடிப்பதில்லையே. அப்போது பேட்டரியில் இருப்பது எல்லாம் இன்ஜின் போட்ட சார்ஜ், அதாவது உங்கள் பெட்ரோல். மின்சாரமாகி, பேட்டரிக்குள் போய், திரும்ப மோட்டாருக்கு வருவதற்குள் அதில் ஒரு பங்கு சூடாக வீணாகிவிடும். ஆகவே இவி விளக்கைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், லிட்டரைப் பாருங்கள்.

படி 1: காரைத் தயார் செய்யுங்கள்

டயர் குளிர்ந்திருக்கும்போது காற்று பிடியுங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் உள்ள அளவுதான் சரி. பங்க்கில் பொதுவாகச் சொல்லும் அளவு வேண்டாம். மேலே கேரியர் இருந்தால் கழற்றுங்கள். ஏசியை 25 டிகிரியில், ஃபேனை ஒரே எண்ணில் வையுங்கள். சோதனை முடியும்வரை இரண்டையும் தொடக்கூடாது. எல்லாக் கண்ணாடிகளும் மூடியிருக்கட்டும். ஈகோ மோடு என்றால் கடைசிவரை ஈகோதான்.

போனில் ஜிபிஎஸ் வேகம் காட்டும் ஆப் ஒன்று தேவை. காரின் மீட்டர் பெரும்பாலும் நிஜ வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டியே காட்டும். மீட்டரில் 80 என்பது ஜிபிஎஸ்ஸில் 76, 77 என்று இருக்கலாம். எழுதிவைப்பது ஜிபிஎஸ் எண்ணாக இருக்கட்டும்.

படி 2: சாலையைத் தேர்ந்தெடுங்கள்

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வந்தால் எந்தக் காரும் அற்புதமான மைலேஜ் காட்டும், ஏனென்றால் வழி நெடுக இறக்கம். சமதளம்போலத் தெரியும் சாலையிலும் கண்ணுக்குத் தெரியாத சரிவு இருக்கும். அதனால் எந்த வேகமானாலும் போகும்போது ஒரு முறை, அதே தூரம் திரும்பும்போது ஒரு முறை அளக்க வேண்டும். டெல்டா மாவட்டங்களின் தட்டையான சாலைகள் இதற்கு மிகவும் ஏற்றவை. ஒரு பக்கம் குறைந்தது 15 முதல் 20 கி.மீ. வேண்டும், நடுவில் டோல்கேட்டோ சிக்னலோ இருக்கக் கூடாது.

காற்றடிக்கும் நாளில் வேண்டாம். இரு பக்கமும் அளந்தால் காற்றின் விளைவு சரியாகிவிடும் என்று தோன்றும், ஆனால் முழுக்கச் சரியாகாது. 80-ல் போகிறீர்கள், காற்று 20 கி.மீ. வேகத்தில் வீசுகிறது என்றால் எதிர்க்காற்றில் எதிர்ப்பு 56 சதவீதம் கூடும், பின்காற்றில் 44 சதவீதம்தான் குறையும். சராசரி பார்த்தாலும் 6 சதவீதம் கூடுதலாகவே நிற்கும். ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிப் பக்கமோ பல்லடம், உடுமலைப் பக்கமோ இந்தச் சோதனையே வேண்டாம். காற்றாலைகளை அங்கே நட்டிருப்பது காரணமில்லாமல் இல்லை.

படி 3: இன்ஜினைச் சூடாக்குங்கள்

குளிர்ந்த ஹைபிரிடில் தேவை இல்லாவிட்டாலும் இன்ஜின் ஓடும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் இன்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட்டும் சூடேற வேண்டும் என்பதே காரணம். அந்த நேரத்தில் எடுத்த கணக்கு எதற்கும் உதவாது. 20 நிமிடம் சாதாரணமாக ஓட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

படி 4: அளக்கும் முறை

50, 60, 70, 80, 90, 100 என்று ஆறு வேகங்கள். பலகையில் உள்ள வரம்பைத் தாண்ட வேண்டாம். நான்கு வழிச்சாலையில் 50-ல் போவது பின்னால் வருபவர்களுக்கு ஆபத்து. 50, 60 இரண்டையும் போக்குவரத்து குறைந்த இருவழிச் சாலையில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து இருக்கையில் ஒருவர் கட்டாயம் வேண்டும். ஓட்டுபவர் ஓட்டட்டும், பட்டனை அழுத்துவதும் எழுதுவதும் மற்றவர் வேலை.

வேகத்தை எட்டியதும், அதே வேகத்தைத் தானாகப் பிடித்து வைக்கும் க்ரூஸ் கன்ட்ரோலைப் போடுங்கள். இரண்டு கிலோமீட்டர் ஓடி நிலைத்த பிறகு சராசரி மைலேஜை ரீசெட் செய்யுங்கள். நின்ற இடத்திலேயே ரீசெட் செய்தால் வேகமெடுக்கச் செலவான பெட்ரோலும் கணக்கில் ஏறிவிடும்.

ரீசெட் செய்யும்போது திரையில் சார்ஜைக் காட்டும் பேட்டரிக் கோடுகள் எத்தனை என்று எழுதுங்கள். முடிக்கும்போதும் அத்தனை கோடுகளே இருக்க வேண்டும். கூடவோ குறையவோ இருந்தால், அதே வேகத்தில் இன்னும் சில கிலோமீட்டர் ஓட்டி, கோடு பழைய இடத்துக்கு வரும்போது படியுங்கள். இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கிராண்ட் விட்டாரா ஹைபிரிடின் பேட்டரி 0.76 கிலோவாட்-மணி. அதில் 0.3 தீர்ந்திருந்தால் அதைத் திருப்பி நிரப்ப ஏறக்குறைய 0.1 லிட்டர் பெட்ரோல் வேண்டும். 10 கி.மீ. சோதனையில் மொத்தச் செலவே 0.4 லிட்டர்தான். கால் பங்கு பொய்யாகிவிட்டது! 20 கி.மீ. ஓட்டச் சொல்வதும் இதனால்தான்.

ஹோண்டா சிட்டியில் நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு கிளட்ச் இன்ஜினை நேராகச் சக்கரத்தோடு இணைக்கும். அதனால் பக்கத்துப் பக்கத்து வேகங்களின் மைலேஜ் சீராக இறங்காமல் ஓரிடத்தில் திடீரென்று மாறினால் திகைக்க வேண்டாம். அந்த இடத்தில் மணிக்கு 5 கி.மீ. இடைவெளியில் இன்னும் இரண்டு வேகங்களை அளந்து பாருங்கள்.

படி 5: சராசரி எடுங்கள்

போகும்போது 20, வரும்போது 30 என்றால் சராசரி 25 அல்ல. ஒரு பக்கம் 15 கி.மீ. என்றால் போக 0.75 லிட்டர், வர 0.5 லிட்டர். 30 கிலோமீட்டரை 1.25 லிட்டரால் வகுத்தால் 24. எப்போதும் லிட்டரைக் கூட்டிய பிறகுதான் வகுக்க வேண்டும்.

கிடைத்த எண்களை எப்படிப் படிப்பது

ஏசியோடு சமதளத்தில் ஓடும்போது பெரும்பாலும் உச்சம் 50-க்கும் 70-க்கும் நடுவில் விழும். 80 வரை மெல்லக் குறையும், அதற்குப் பிறகு மளமளவென்று இறங்கும். கிராண்ட் விட்டாரா ஹைபிரிடுக்கு விளம்பரத்தில் சொல்லும் 27.97 ஏன் 100-ல் கிடைப்பதில்லை என்பதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. அந்த எண் ஆய்வகச் சோதனையில் வந்தது, அதில் உச்ச வேகமே 90-தான்.

நெடுஞ்சாலையில் 60-லேயே போக வேண்டும் என்று சொல்ல வரவில்லை. நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். உதாரணமாக, உங்கள் அளவில் 80-ல் 24, 100-ல் 19 என்று வந்தால், 300 கி.மீ. பயணத்துக்கு 12.5 லிட்டரும் 15.8 லிட்டரும் ஆகும். 3.3 லிட்டர் கொடுத்து 45 நிமிடம் வாங்குகிறீர்கள். அது தகுமா என்பது அன்றைய அவசரத்தைப் பொறுத்தது.

கடைசியாக ஒன்று. காரின் திரை காட்டும் மைலேஜ் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். வேகங்களை ஒன்றோடொன்று ஒப்பிட அது தடையில்லை. ஆனால் செலவுக் கணக்குக்கு நிஜ எண் வேண்டுமென்றால், ஒரே பங்க்கில், ஒரே பம்பில், முதல் ஆட்டோகட் வரை (பம்ப் தானாக நிற்கும்வரை) நிரப்பி, 400 கி.மீ.க்குக் குறையாமல் ஓட்டிவிட்டு, அதே இடத்தில் மறுபடி முதல் ஆட்டோகட் வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை பிடித்த லிட்டரால் வகுத்துத் திரையோடு ஒப்பிட்டால், உங்கள் கார் எத்தனை சதவீதம் கூட்டிச் சொல்கிறது என்று தெரிந்துவிடும். ஆறு வேகங்களின் எண்களிலும் அந்தச் சதவீதத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.