சென்னைக்கு மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்கு வருகிறீர்களா? முதலில் ரிப்போர்ட்டைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ வருபவர்கள், கிரீம்ஸ் ரோடு பக்கம் அறை எடுத்த கையோடு கேட்பது "எந்த டாக்டர் நல்லவர்?" என்றுதான். அதற்கு முன் உங்கள் ஃபைலில் ஐஎச்சி ரிப்போர்ட் (கட்டியின் செல்களில் சாயமேற்றிப் பார்க்கும் டெஸ்ட்டின் முடிவு) இருக்கிறதா பாருங்கள். பயாப்சி ரிப்போர்ட்டோடு சேர்ந்தே இருக்கும், சில லேபில் தனித்தாளாகத் தருவார்கள். அது இல்லாமல் எந்த மருந்து என்று டாக்டரால் முடிவெடுக்க முடியாது.

அதில் ஈஆர், பிஆர் என்று இருப்பவை ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களின் ஏற்பிகள், அதாவது செல்லில் அந்த ஹார்மோன் வந்து ஒட்டும் இடங்கள். ஈஆர் பாசிட்டிவ் என்றால், அந்தக் கட்டி வளர ஹார்மோன் துணைபோகிறது. கலங்க வேண்டாம். ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை கைகொடுக்கும் என்பதற்கான அறிகுறி அது. மாதவிடாய் நிற்காதவர்களுக்குப் பெரும்பாலும் டமாக்ஸிஃபென், நின்றவர்களுக்கு லெட்ரோசோல் மாதிரி ஒன்று. வழக்கமாக 5 வருடம், சிலருக்கு 10 வருடம் வரை.

பாசிட்டிவா நெகட்டிவா என்பதோடு நிறுத்திவிடாமல் பக்கத்திலுள்ள எண்ணையும் படியுங்கள். 1% செல்களில் சாயம் ஏறினாலே பாசிட்டிவ்தான். ஆனால் 5 சதவீதமும் 90 சதவீதமும் ஒன்றல்ல. 1 முதல் 10 வரை 'லோ பாசிட்டிவ்'. மாத்திரை எவ்வளவு பலன் தரும் என்று அங்கே உறுதியாகச் சொல்ல முடியாது, டாக்டரிடம் கேட்டே ஆகவேண்டும். சில லேப்கள் ஆல்ரெட் ஸ்கோர் போடும். ஈஆர் 7/8 என்பதை ஏழு சதவீதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது எட்டுக்கு ஏழு. 3 அல்லது அதற்கு மேல் வந்தாலே பாசிட்டிவ்.

அதே தாளில் ஹெர்2 இருக்கும். அது ஹார்மோன் ஏற்பி இல்லை, செல்லை வளரத் தூண்டும் ஒரு புரதம். 0, 1+ நெகட்டிவ், 3+ பாசிட்டிவ். 2+ என்றால் ஃபிஷ் டெஸ்ட் (ஹெர்2 மரபணுவை எண்ணிப் பார்ப்பது) பார்த்த பிறகுதான் தெரியும். ஈஆர், பிஆர், ஹெர்2 மூன்றுமே நெகட்டிவ் என்றால் ஹார்மோன் மாத்திரைக்கு வேலையில்லை, கீமோதான் முக்கியம்.

ஊரில் செய்த டெஸ்ட்டை இங்கே மறுபடி பார்க்க விரும்புவார்கள். வாட்ஸ்அப்பில் மங்கலாக வந்த போட்டோவை நீட்டிப் பயனில்லை. ஸ்லைடுகளையும் பாரஃபின் பிளாக்கையும் கேட்டு வாங்கி வாருங்கள். தீப்பெட்டியை விடச் சின்னப் பிளாஸ்டிக் கூட்டில் மெழுகு, அதற்குள் சதைத்துண்டு, அதுதான் பிளாக். கைப்பையிலேயே வைத்திருங்கள். கத்திரி வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள், மெழுகு இளகிவிடும். லேபில் கொடுக்கும்போது ரசீது வாங்குங்கள், வேலை முடிந்ததும் திருப்பிக் கேளுங்கள். பிறகு வேறு டெஸ்ட் சொன்னால் அதே பிளாக்தான் தேவைப்படும்.