டேப்பைக் கீழே வை தம்பி: சின்ன விமானத்தின் ஃபிட்டிங்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் சிலேத்தார் விமான நிலையத்தில் பிஸ்டன் என்ஜின் விமானங்களோடு மல்லுக்கட்டும் எங்களிடம் அவ்வப்போது புதுப் பிள்ளைகள் பயிற்சிக்கு வருவார்கள். தொழில்நுட்பக் கல்விக் கழகமான ஐடிஇயிலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் நன்றாகத்தான் படித்துவிட்டு வருகிறார்கள். ஆனால் பெட்ரோலோ எண்ணெயோ ஓடுகிற குழாயில் ஒரு ஃபிட்டிங்கை, அதாவது குழாயை இணைக்கும் துண்டை, மாட்டச் சொன்னால், நாங்கள் அந்த வயதில் செய்த அதே கோளாறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். மரையைத் துடைக்காமல் மாட்டுவது, தவறான ஸ்பானரை எடுப்பது, இதெல்லாம் தானாகத் திருந்திவிடும், அதை விடுங்கள். தானாகத் திருந்தாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

எது அடைக்கிறது என்று பார்க்காமல் மாட்டுவது

மரை இருந்தால் மரைதான் கசிவைத் தடுக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல இடங்களில் அப்படி இல்லை. என்பிடி என்கிற கூம்பு மரை 16க்கு 1 என்ற கணக்கில் சரிந்துகொண்டே போகும், இறுக்க இறுக்க நெருங்கும், ஆனாலும் மரையின் முகட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே சுருள் சுருளாக ஒரு சந்து கடைசிவரை இருக்கும். அதை அடைக்கப் பசை வேண்டும். விமானங்களில் வரும் ஏஎன் ஃபிளேர் ஃபிட்டிங்கில் கதை வேறு. குழாயின் விரிந்த வாய் 37 டிகிரி கூம்பின்மேல் உட்கார்ந்து, உலோகத்தோடு உலோகம் பொருந்தி அடைக்கிறது; மரையின் வேலை பிடித்து இறுக்குவது மட்டுமே. நேர் மரை என்றால் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையமோ நசுங்கும் வாஷரோ அடைக்கும். பசை முதலாவதுக்கு மட்டும்தான்.

ஏஎன்822 என்கிற வளைந்த ஃபிட்டிங்கை, அந்த எல்போவைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு முனை கூம்பு மரை, மறுமுனை ஃபிளேர். ஒரே துண்டில் ஒரு பக்கம் பசை பூச வேண்டும், இன்னொரு பக்கம் பூசவே கூடாது. ஃபிளேர் கசிகிறது என்றால் கூம்பில் கீறல் இருக்கும், அல்லது குழாயின் வாய் வெடித்திருக்கும். பசை போட்டால் அது கொஞ்ச நாளைக்கு மறையும், அவ்வளவுதான்.

வெள்ளை டேப்

இதற்குத்தான் இவ்வளவு பேச்சும். வீட்டுக் குழாய் ஒழுகினால் ஜாலான் புசார் பக்கம் ஏதாவது ஹார்டுவேர் கடையில் ஒரு டெஃப்லான் டேப் வாங்கி நாலு சுற்றுச் சுற்றுகிறோம், ஒழுகல் நிற்கிறது. வீவக அடுக்குமாடி வீட்டுக்கு அது சரி. ஒரு துணுக்கு பிய்ந்து தண்ணீரோடு வந்தால் குழாய் வாயில் இருக்கும் வலையில் மாட்டிக்கொண்டு கிடக்கும், யாருக்கும் நஷ்டமில்லை. விமானத்தின் எரிபொருள் குழாயில் பிய்ந்த துணுக்கு எங்கே போய் நிற்கும் என்று யோசித்துவிட்டு அந்த டேப்பைத் தொடுங்கள்.

ஒரு பட்டறையில் நடந்தது. லைகாமிங் இன்ஜெக்‌ஷன் என்ஜின், நாலு சிலிண்டர். குழாய் ஒன்றை மாற்றிய பிறகு என்ஜின் உதறுகிறது என்று விமானி சொன்னார். எரிபொருள் ஓட்டம் காட்டும் மீட்டரைப் பார்த்தால் வழக்கத்தைவிட அதிகமாகக் காட்டுகிறது. அதிகமாகப் போகிறது, ஆகவே கலவை கொழுத்துவிட்டது என்று முடிவுகட்டி, பிளக்கைக் கழற்றினார்கள், பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவைப் பார்த்தார்கள், மீட்டரையே சந்தேகப்பட்டு அதையும் மாற்றினார்கள். விமானம் ஓரமாக நிற்க, உரிமையாளருக்கு பில் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

அந்த வகை மீட்டர் ஓட்டத்தை அளப்பதே இல்லை. சிலிண்டருக்கு ஒன்றாக எரிபொருளைத் தெளிக்கும் நாசில்களுக்குப் பிரித்து அனுப்பும் இடத்தில் இருக்கும் அழுத்தத்தை அளந்து, அதை ஓட்டமாக மாற்றிக் காட்டுகிறது. ஒரு நாசில் அடைத்துக்கொண்டால் பின்னால் அழுத்தம் ஏறும், முள்ளும் ஏறும். அதாவது ஒரு சிலிண்டருக்குக் குறைவாகப் போகும்போது கூடுதலாகப் போவதாகக் காட்டும்! இதைத் தெரிந்த ஒருவர் வந்து நாலு நாசிலையும் கழற்றி, குழாயோடு சேர்த்து நாலு கண்ணாடிப் போத்தல்களில் தொங்கவிட்டு, எரிபொருளைத் தள்ளும் பூஸ்ட் பம்பைப் போட்டார். மூன்றில் ஒரே மட்டம், ஒன்றில் பாதிகூட இல்லை. அந்த நாசிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், 0.7 மில்லிமீட்டர்தான் இருக்கும் அந்தத் துளையில் ஒரு வெள்ளை நூல், தலைமுடி பருமன், குறுக்கே மடங்கிக் கிடந்தது. பின்னோக்கிப் போய்ப் பார்த்தால், வடிகட்டியைத் தாண்டிய ஒரு ஃபிளேர் ஃபிட்டிங்கில் யாரோ புண்ணியவான் டேப்பைச் சுற்றி, அது கூம்பின் விளிம்புக்கு மேலேயும் நீட்டிக்கொண்டிருந்தது. நட்டை இறுக்கியபோது வெட்டுப்பட்டு உள்ளே விழுந்திருக்கிறது. டேப்பே தேவைப்படாத இடம் அது. அந்தச் சிலிண்டர் மட்டும் எரிபொருள் போதாமல் சூடேறிக்கொண்டிருந்தது. முழு பவரில் அப்படியே ஓடியிருந்தால் பிஸ்டன் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

“டெஃப்லான் பெட்ரோலில் கரையாதே அண்ணே” என்று ஒரு பையன் என்னிடம் வாதாடினான். கரையாததுதான் பிரச்சினையே. கரைந்தாலாவது போய்த் தொலையும்.

இன்னொன்று, டேப் வழுக்கும். வழுக்குவதால் இறுகியது கைக்குத் தெரியாமல் இன்னும் ஒரு சுற்று, இன்னும் அரைச் சுற்று என்று போய், அலுமினிய வார்ப்பு பிளந்துவிடும். கழற்றும்போதும் மரைக்குள் நார் நாராக ஒட்டிக்கொண்டு, அடுத்த தடவை மாட்டுபவருக்குச் சீதனமாகக் காத்திருக்கும்.

அப்புறம் எதைத்தான் பூசுவது? முதலில் பராமரிப்புக் கையேடு சொல்வதை. பொதுவாகக் கூம்பு மரைக்கு லோக்டைட் 567 மாதிரியான பசை, எரிபொருள் பக்கம் ஈஸி டர்ன் மாதிரி பெட்ரோலுக்கு அசையாத பிசின். 567லும் டெஃப்லான் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது, பொடியாக. நாடாவாக இல்லை.

பசையை நுனிவரை அப்புவது

முதல் ஒன்றிரண்டு மரையை வெறுமையாக விடுங்கள். நுனியில் பூசியது முழுக்க உள்ளேதான் போகும்.

பசை ஆறுவதற்குள் அழுத்தம் கொடுப்பது

லோக்டைட் வகைப் பசை காற்று படாத இடத்தில், உலோகம் தொட்டால்தான் இறுகும். வெயிலில் வைத்தால் காயும் என்று காத்திருக்காதீர்கள், அது பெயிண்ட் இல்லை. நீல அனோடைஸ் போட்ட அலுமினியத்தில் இன்னும் மெதுவாக இறுகும். போத்தலில் போட்டிருக்கும் நேரம் வரை பொறுங்கள்.

எல்போவைத் திருப்பி எடுப்பது

கூம்பு மரை எல்போ கையால் இறுகிய பிறகு வழக்கமாக ஒன்றரையிலிருந்து இரண்டு சுற்று. குழாய் வரும் திசைக்கு அது நேராக வரவேண்டும். கொஞ்சம் தாண்டிவிட்டது என்று பின்னோக்கித் திருப்பினால் அந்த இடத்தில் பசை கிழிந்துவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தாண்டிவிட்டால் முழுதாகக் கழற்றி, துடைத்து, புதிதாகப் பூசி மாட்டுங்கள். சோம்பேறித்தனத்துக்கு இங்கே இடமில்லை.

கடையில் கிடைத்த ஃபிட்டிங்

நம் ஊர் ஹார்டுவேர் கடைகளில் பெரும்பாலும் இருப்பது பிஎஸ்பி என்கிற பிரிட்டிஷ் மரை, மரையின் கோணம் 55 டிகிரி. செஸ்னா, பைப்பர் போன்ற அமெரிக்கச் சின்ன விமானங்களில் இருப்பது என்பிடி, 60 டிகிரி. அரை அங்குலத்தில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரை, அதனால் கையால் நன்றாகவே ஏறும். கால் அங்குலமும் அதற்குச் சின்னதும் ஒன்றிரண்டு சுற்று ஏறிவிட்டுச் சிக்கும், பலசாலிகள் ஸ்பானர் போட்டு மீதியை ஏற்றிவிடுவார்கள். கார் கடை ஃபிளேரும் வேண்டாம், அது 45 டிகிரி. விமானத்துக்குரிய சான்றிதழ் இல்லாத பொருளை மாட்டினால் எஸ்ஏஆர் 66 என்கிற விமானப் பராமரிப்பு உரிமம் வைத்திருப்பவர் கையெழுத்துப் போடமாட்டார், போடவும் கூடாது.

கார் பிரேக் ஆயில்

கூடாது. விமான பிரேக்கில் ஊற்றும் 5606 என்கிற சிவப்பு எண்ணெய்க்குச் செய்த நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங்கை அது கெடுத்துவிடும்.

ஆக்சிஜன் குழாய்

எண்ணெய், கிரீஸ், மேலே சொன்ன எரிபொருள் பிசின் எதுவும் கிட்டே வரக்கூடாது, தீப்பிடிக்கும். ஆக்சிஜனுக்கென்றே தனியாக அங்கீகரித்த டெஃப்லான் டேப் உண்டு. கையேடு சொன்னால் அது மட்டும். இதைக் காட்டி எரிபொருள் பக்கம் டேப் சுற்ற அனுமதி கேட்காதீர்கள்.

ஈரம் இல்லை, ஆகவே கசிவு இல்லை என்பது

நம் ஊர்ச் சூட்டில் விமானப் பெட்ரோல் சொட்டு விழுவதற்குள் ஆவியாகிவிடும். ஃபிட்டிங்கை நன்றாகத் துடைத்து, பூஸ்ட் பம்பைப் போட்டு அங்கேயே நின்று பாருங்கள், அடுத்த நாள் காலையிலும் ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள். 100எல்எல் என்கிற விமானப் பெட்ரோலில் நீலச் சாயம் கலந்திருக்கும்; பெட்ரோல் போனாலும் சாயம் கறையாக நிற்கும். பறந்து வந்த விமானம் என்றால் காற்று அந்தக் கறையைப் பின்னால் தள்ளியிருக்கும், ஆகவே கறை இருக்கும் இடத்தில் இருக்கிற ஃபிட்டிங்கை இறுக்க ஆரம்பிக்காமல், அதற்கு மேலேயும் முன்னாலும் தேடுங்கள்.