மனச்சிதைவு நோய் குறித்த மூளைப்பட ஆய்வுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்றால் மூளையில் நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் கூடிவிட்டது என்று ஒரே வரியில் முடித்துவிடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன. மூளையின் ஆழத்திலுள்ள ஸ்ட்ரையேட்டம் பகுதியில் டோபமைனின் உற்பத்தியும் வெளியீடும் நோயாளிகளிடம் சராசரியாக மிகுந்திருப்பதை, கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு செலுத்திப் படமெடுக்கும் பெட் ஸ்கேன் ஆய்வுகள் பல காட்டியுள்ளன. ஆனால் திட்டமிடலுக்கும், தகவலைச் சிறிது நேரம் மனத்தில் வைத்துக் கையாளும் செயல்நினைவுக்கும் இன்றியமையாத முன்நெற்றிப் புறணியில் டோபமைன் வெளியீடு குறைந்திருப்பதாக, 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கண்டறிந்தது. எனவே எந்த நரம்புச் சுற்றில், எந்தப் பகுதியில் என்று சொல்லாமல் 'மிகுதி' என்பது பாதி உண்மைகூட ஆகாது.

ஸ்கேன் எதை அளந்தது என்று கேட்காமல் விடுவது இதைவிடப் பெரிய தவறு. 1986-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் டீன் வாங் குழுவினர், மருந்து உட்கொள்ளாத நோயாளிகளிடம் டோபமைன் வந்து இணையும் டி2 ஏற்பிகள் மிகுந்துள்ளன என்று அறிவித்தனர். மறு ஆண்டே ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் லார்ஸ் ஃபார்டே குழுவினர் அத்தகைய மிகுதி இல்லை என்றனர். ஏற்பியில் ஒட்டி அதை ஸ்கேனில் காட்டும் கதிரியக்கத் தடங்காட்டிகள் இரு குழுக்களுக்கும் வேறு வேறு. ஃபார்டே பயன்படுத்திய ரேக்லோபிரைடு, ஏற்பியில் இடம்பிடிக்க மூளையின் சொந்த டோபமைனோடு போட்டியிடுகிறது. ஆகவே டோபமைன் மிகுந்தால் ஏற்பிகள் குறைவாக இருப்பதுபோல் தோன்றக்கூடும். இந்த மறைப்பை நேரடியாகச் சோதித்தது, அனிசா அபி-டார்காம் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் டோபமைனை மருந்தால் தற்காலிகமாகக் குறைத்துவிட்டு ஏற்பிகளை மீண்டும் அளந்தார்கள். டோபமைன் பிடித்துவைத்திருந்த டி2 ஏற்பிகள் நோயாளிகளிடம் 19 விழுக்காடு, மற்றவர்களிடம் 9 விழுக்காடு என்று தெரியவந்தது. என் பார்வையில் இத்துறையின் மிக அழகான சோதனைகளில் இதுவும் ஒன்று.

செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. படத்தில் ஒளிரும் பகுதியை டோபமைன் என்று எண்ணுவதும் பரவலாக நடக்கிறது. அது காட்டுவது இரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தையே. ஸ்கேனுக்குள் தலை சிறிது அசைந்தாலும் பகுதிகளுக்கிடையிலான தொடர்பின் கணக்கு பிறழும். பதற்றத்தில் இருக்கும் நோயாளி அசையாமல் படுத்திருப்பது எளிதன்று என்பதால், இங்கு அந்தப் பிறழ்வு ஒரு பக்கமாகவே சாயும். பல ஆண்டுகள் உட்கொண்ட மருந்தும் புகைப்பழக்கமும் விட்டுச்சென்ற மாற்றங்களை நோயின் மாற்றங்களாகக் கருதுவதும் இதைப் போன்றதே.

குழுவின் சராசரியைத் தனியொருவர்மீது ஏற்றுவதுதான் குடும்பங்களை நேரடியாகப் பாதிக்கிறது. வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத நோயாளிகளிடம் டோபமைன் உற்பத்தி இயல்பாகவே இருந்ததாக 2012-இல் ஓர் ஆய்வு காட்டியது. அவர்களின் துன்பம் அதனால் பொய்யாகிவிடவில்லை. மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுப்பது பெரும்பாலும் கட்டி, வலிப்பு, மூளை அழற்சி போன்ற வேறு காரணங்களை விலக்குவதற்காகவே. 'ஸ்கேன் நார்மல்' என்ற அறிக்கையைப் பார்த்து நோயே இல்லை என்று முடிவுசெய்து மாத்திரையை நிறுத்தும் வீடுகளில் நோய் திரும்பும் ஆபத்து கூடுகிறது. நிறுத்துவதா, குறைப்பதா என்பதை நோயாளியோடு அமர்ந்து பேசி அறிகுறிகளைத் தொடர்ந்து கவனித்துவரும் மனநல மருத்துவரிடம் கேட்டே தீர்மானிக்க வேண்டும்.