பல்லவி இல்லாத ஆல்பத்தை முழுசாகக் கேட்பது எப்படி

சினிமாப் பாட்டில் வளர்ந்த காது, பல்லவி எப்போது வரும் என்று காத்துக்கொண்டே இருக்கும். பாட்டைவிட ஒலிச்சூழலையே முன்வைக்கும் சூழலிசை (ஆம்பியன்ட்) ஆல்பத்தில் அது வராது. பத்து நிமிடத்தில் பலரும் நிறுத்திவிடுவது இதனால்தான். ஆலாபனை கேட்டுப் பழகியவர்களுக்குச் சிரமம் குறைவு.

பழகிக்கொள்ள ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ் குழு 2002இல் வெளியிட்ட ஆல்பம் நல்லது. தலைப்பே இரண்டு அடைப்புக்குறிகள்தான். எட்டுப் பாட்டு, ஏறக்குறைய 72 நிமிடம். பாட்டு வரிகளைத் தேடி அலைய வேண்டாம். அர்த்தமில்லாத சில அசைகளே திரும்பத் திரும்ப வரும், ஆலாபனையில் 'ததரி நா' வருவதுபோல. வயலின் மாதிரி இழையும் சத்தம் பல இடங்களில் கிட்டார்தான். செல்லோ என்ற பெரிய வயலின் வகைக் கருவியின் வில்லால் வாசிக்கிறார்கள்.

முதலில் இடம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டம், குளச்சல் பக்கம் கடலோர வீடு என்றால் அலையிரைச்சல் மெல்லிய ஒலிகளை விழுங்கிவிடும். காதை முழுக்க மூடும் ஹெட்போன் வேண்டும். குலசேகரம் பக்கம் ரப்பர் விளைகளுக்குள் இரவு பத்துக்கு மேல் ஸ்பீக்கரே போதும். ஆனால் தகர ஷீட் கூரை என்றால் மழை இல்லாத நாளாகப் பாருங்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் அப்படி நாள் அமைவது லேசில்லை. ஃபேனை ஒன்றில் வையுங்கள். கரண்ட் போன நேரம் இன்னும் நல்லது, ஃப்ரிட்ஜும் ஓயும்.

ஸ்பீக்கரை அறை மூலையில் வைத்தால் பேஸ் (கனத்த தாழ்ந்த ஒலி) குமுறி மற்றதை மூடும். சுவரை விட்டு ஒன்றரை அடி தள்ளி வையுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே எவ்வளவு தூரமோ, அதே தூரத்தில் நீங்கள் உட்கார வேண்டும்.

போனில் ஷஃபிள், ஒரு பாட்டின் முடிவை அடுத்ததோடு கலக்கும் கிராஸ்ஃபேட், பேஸ் பூஸ்ட், சத்தத்தைத் தானாகச் சமப்படுத்தும் வசதி எல்லாவற்றையும் அணையுங்கள். கடைசியாகச் சொன்னது மெல்லியதற்கும் உரத்ததற்கும் உள்ள இடைவெளியைக் குறைத்துவிடக்கூடும். இந்த ஆல்பத்தின் உயிரே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. நடுவில் விளம்பரம் புகாமலிருக்க முன்கூட்டியே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள்.

சத்தத்தை முதல் பாட்டை வைத்துத் தீர்மானிப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. அது அடக்கமாகத் தொடங்குகிறதே என்று கூட்டி வைத்தால், எட்டாவது பாட்டில் டிரம் காதைக் கிழிக்கும். அதன் கடைசி மூன்று நிமிடத்தை முதலில் ஓட்டி, காது வலிக்காத அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். முடிவு முன்பே தெரிந்துவிடுமே என்றால், இது துப்பறியும் கதை இல்லை.

நாலாவது பாட்டு முடிந்ததும் 36 விநாடி மௌனம் வரும். போன் நின்றுவிட்டதென்று கையில் எடுக்காதீர்கள். அதுவரை ஓரளவு வெளிச்சம், அதன்பின் இருட்டு. இரண்டையும் பிரிக்கிற வரப்பு அது.

முதல் தடவை எதையும் ஆராயாமல் முழுக்கக் கேளுங்கள். மறுநாள் மூன்றாவது பாட்டை மட்டும் போடுங்கள். பியானோ ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். அதை விட்டுவிட்டு, அதைச் சுற்றி எது புதிதாகச் சேர்கிறது, எந்த இடத்தில் சத்தம் கனக்கிறது என்று கவனியுங்கள். அது பிடிபட்டால் மற்ற ஏழும் தானாகத் திறக்கும்.