போட்டோ, வீடியோ, குரல்: மறுமுனையில் கெடாமல் போய்ச் சேர என்ன செய்யலாம்

வாட்ஸ்அப்பில் வந்த ஒரு சான்றிதழ் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்க்கிறோம், பதிவு எண்ணில் இருப்பது 3-ஆ 8-ஆ என்றே தெரியவில்லை. உடனே கேமரா மேல் பழி போடுவோம். பெரும்பாலும் கேமரா சரியாகத்தான் எடுத்திருக்கும், அனுப்பும் வழியில்தான் படம் கெட்டிருக்கும். பெரும்பாலான மெசேஜ் செயலிகள், நாம் வேறு மாதிரி சொல்லாதவரை, சீக்கிரம் போய்ச் சேர்கிறதா என்றுதான் முதலில் பார்க்கும், தரம் அதற்கு அடுத்துதான். அதனால் அனுப்பும் பட்டனைத் தொடும் முன் ஒன்றை மட்டும் யோசியுங்கள்: பெறுபவர் இதை வைத்து என்ன செய்யப் போகிறார்? சும்மா பார்க்கவா, பிரிண்ட் போடவா, எழுத்தைப் படிக்கவா? பதிலைப் பொறுத்து அனுப்பும் வழி மாறும்.

12 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் 4000-க்கு 3000 பிக்சல் அளவில் இருக்கும். சாதாரணமாக அனுப்பினால் செயலி அதன் நீள அகலத்தை வெகுவாகக் குறைத்து, அப்புறம் ஜேபெக் முறையில் இன்னொரு தடவை அழுத்துகிறது. ஜேபெக் என்ன செய்கிறது என்றால், படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு அதிகம் படாத நுணுக்கங்களை விட்டுவிடுகிறது. முகம், மரம், வானம் என்றால் வித்தியாசமே தெரியாது. வெள்ளைத் தாளில் பொடி எழுத்து என்றால் எழுத்தின் ஓரமெல்லாம் புழுதி ஒட்டியது போல ஆகிவிடும். நிறத்தைப் பற்றிய தகவலை அது இன்னும் சிக்கனமாகத்தான் வைத்துக்கொள்ளும், சிவப்பு முத்திரையும் சிவப்பு மைக் கையெழுத்தும் கறுப்பு எழுத்தைவிட மோசமாகக் கலங்கித் தெரிவது அதனால்தான்.

சரி, என்ன செய்யலாம்? வாட்ஸ்அப்பில் படத்தைத் தேர்ந்தெடுத்ததும் மேலே எச்டி என்று ஒரு பட்டன் இருக்கும், 2023-ல் வந்த வசதி அது. அதைத் தொட்டுவிட்டு அனுப்பினால் படம் நன்றாகவே போகும், ஆனால் அதுவும் கொஞ்சம் சுருக்கப்பட்டதுதான். ஒரு பிக்சல்கூட மாறாமல் போக வேண்டும் என்றால் இணைப்புச் சின்னத்தைத் தொட்டு, கேலரிக்குப் போகாமல் ‘டாக்குமென்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து அதே படத்தை எடுத்து அனுப்புங்கள். 2 ஜிபி வரை அப்படி அனுப்பலாம். டெலிகிராமில் இதையே ‘ஃபைல்’ என்று அனுப்ப வேண்டும், சிக்னலில் அனுப்பும் தரத்தை ‘ஹை’ என்று மாற்றிக்கொள்ளலாம்.

இதில் ஒரு எச்சரிக்கை, இதைப் பலரும் கவனிப்பதே இல்லை. கேமராவில் இருப்பிடம் இயங்கிக்கொண்டிருந்தால், படம் எடுத்த இடமும் நேரமும் படத்துக்குள்ளேயே பதிவாகிவிடும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பும்போது அந்தத் தகவல் நீக்கப்பட்டுவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே கூடப் போகும். வீட்டுக்குள் எடுத்த படத்தை முன்பின் தெரியாத ஒருவருக்கு ஃபைலாக அனுப்பினால் வீடு எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டதாகத்தான் அர்த்தம். தெரியாதவருக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் கேமரா செட்டிங்கில் இருப்பிடத்தை அணைத்துவிட்டுப் படம் எடுங்கள்.

காகிதத்தை அனுப்புவதாக இருந்தால் போட்டோவே வேண்டாம் என்பேன். ஸ்கேன் செய்யும் வசதி ஐபோனின் நோட்ஸ் செயலியிலும் ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவிலும் இருக்கிறது, ஓரத்தை வெட்டி, கோணலை நிமிர்த்தி பிடிஎஃப் ஆக்கித் தரும். வந்த படத்தை வேறொருவருக்கு அனுப்ப வேண்டுமா, ஃபார்வர்டு செய்யுங்கள். கேலரியில் எடுத்து மறுபடி அனுப்பினால் மறுபடி அழுத்தப்படும், நாலு கை மாறியதும் யார் முகம் என்றே தெரியாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவது அதைவிட மோசம். ஐபோனிலிருந்து ஃபைலாக அனுப்பிய படம் எதிரே இருப்பவரின் பழைய கணினியில் திறக்கவில்லை என்றால் அது எச்இஐசி வடிவத்தில் இருக்கும், கேமரா செட்டிங்கில் ஃபார்மட் என்ற இடத்தில் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்று மாற்றிவிட்டால் அதன்பின் எடுக்கும் படங்கள் ஜேபெக்காகவே சேமிக்கப்படும்.

வீடியோவுக்கும் இதே கதைதான், அளவு மட்டும் பல மடங்கு. ஐபோனில் 4கே-யில், விநாடிக்கு 30 ஃப்ரேம் வைத்து ஒரு நிமிடம் எடுத்தால் சுமார் 170 எம்பி, அதையே 1080-ல் எடுத்தால் சுமார் 60 எம்பி. போனில் பார்க்கப்போகும் வீடியோவுக்கு 4கே தேவையே இல்லை, எடுக்கும்போதே 1080-க்கு இறக்கிவிடுங்கள். அனுப்பும் முன் முன்னும் பின்னும் வேண்டாத பகுதியை வெட்டுங்கள், இந்த ஒரு வேலையே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். நீளமான வீடியோ என்றால் கூகுள் டிரைவ் மாதிரி ஓரிடத்தில் ஏற்றி லிங்க் அனுப்புவது நல்லது, பெறுபவர் தனக்கு வசதியான நேரத்தில் இறக்கிக்கொள்வார், அவருடைய போனும் நிரம்பாது.

வாய்ஸ் மெசேஜ் மனிதப் பேச்சுக்காகவே அமைந்தது. மிகக் குறைந்த டேட்டாவில் பேச்சைத் தெளிவாகக் கொண்டுபோகும், அதற்காகவே பாட்டும் வாத்தியமும் அதில் சரியாக வராது. பிள்ளை பாடியதைப் பாட்டு ஆசிரியருக்கு அனுப்ப வேண்டும் என்றால் போனின் ரெக்கார்டர் செயலியில் பதிவு செய்து அந்த ஃபைலை டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், சுருதி விலகினால் அவருக்குத் தெளிவாகக் கேட்கும்.

அடுத்தது வீடியோ கால். சாதாரண ஃபைலில் ஒரு துண்டு வழியில் தொலைந்தால் போன் அதை மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். அழைப்பில் பெரும்பாலும் அதற்கு நேரம் கிடையாது, தாமதமாக வந்த ஒரு துண்டுப் பேச்சை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அதனால் தொலைந்தது தொலைந்ததுதான். பேச்சு விட்டுவிட்டுக் கேட்பது இப்படித்தான். ஒரு பக்கத்திலிருந்து குரல் மறுபக்கம் சேர 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை, அதற்கு மேலே போகப்போக இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து, இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள்.

குரல் உடைய ஆரம்பித்தால் முதலில் உங்கள் கேமராவை அணையுங்கள். குரலுக்கு விநாடிக்குச் சில பத்து கிலோபிட் போதும், வீடியோவுக்குப் பல நூறு வேண்டும். வெளியே அனுப்பும் பாதை பெரும்பாலான இணைப்புகளில் உள்ளே வரும் பாதையைவிடக் குறுகலானது, அதில் வீடியோவை நிறுத்தினால் குரலுக்கு வழி கிடைக்கும். அப்புறம் வைஃபை ரௌட்டர் இருக்கும் அறைக்கு வாருங்கள், பின்னணியில் ஏதாவது பேக்கப் ஓடுகிறதா என்று பாருங்கள்.

உங்கள் குரலே உங்களுக்கு எதிரொலியாகத் திரும்பக் கேட்கிறது என்றால் கோளாறு பெரும்பாலும் உங்களிடம் இல்லை. எதிரே இருப்பவரின் ஸ்பீக்கரில் வரும் உங்கள் குரல் அவருடைய மைக்கிலேயே மறுபடி நுழைகிறது, அவரை ஹெட்செட் போடச் சொல்லுங்கள். புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு அருமையாகக் கேட்டு, அழைப்பு வந்ததும் சத்தம் மங்கிப் போகிறதா? மைக்கும் சேர்ந்து இயங்கும்போது பல ஹெட்செட்கள் குறைந்த தரத்துக்கு இறங்கிவிடும், முக்கியமான அழைப்புக்கு ஒயர் உள்ளதே மேல்.

அடையாள அட்டை, மருத்துவ அறிக்கை போன்றவற்றை அனுப்பும்போது எந்தச் செயலி என்பதையும் பாருங்கள். வாட்ஸ்அப், சிக்னல் இரண்டிலும் தனிப்பட்ட உரையாடல்கள் முனைக்கு முனை பூட்டப்பட்டு, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி போகின்றன, டெலிகிராமில் ‘சீக்ரெட் சாட்’ திறந்தால்தான் மெசேஜ்களுக்கு அந்தப் பூட்டு. வாட்ஸ்அப்பில் அனுப்பியது பெறுபவரின் போனுக்குப் போய்ச் சேராவிட்டால் சர்வரில் 30 நாள்தான் காத்திருக்கும். வெகுநாளாகப் போனையே திறக்காதவருக்கு அனுப்பிய முக்கியமான ஃபைலை ஒரு வார்த்தை கேட்டு, மறுபடி அனுப்பிவிடுங்கள்.

இணையமே இல்லாத நேரத்துக்கு எஸ்எம்எஸ் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70 மட்டும். அந்த 70-லும் புள்ளியும் கொம்பும் தனித்தனியாகக் கணக்காகும், ‘வணக்கம்’ நமக்கு ஐந்தெழுத்து, போனுக்கு ஏழு. ஆங்கிலச் செய்தியின் நடுவே ஒரே ஒரு தமிழ் எழுத்தோ ஸ்மைலியோ வந்தாலும் முழுச் செய்தியும் 70 கணக்குக்கு மாறிவிடும், செய்திக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டுபவர்கள் அனுப்பும் முன் அதை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.