ஆம்ப்ளிபயர் செத்துப்போனால்: ஃபியூஸ் மாற்றும் முன் பவர் சப்ளையைப் பார்க்கும் முறை

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் சித்திரை பிறந்தால் தோட்டக் கோயில்களில் திருவிழா தொடங்கிவிடும். பிற்பகல் இடிமழையும் அதே மாதங்களில்தான். ஆம்ப்ளிபயர்களுக்கு அது போதாத காலம். தூக்கிக்கொண்டு வருகிறவர் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "ஃபியூஸ் போச்சுண்ணே, மாத்தினேன், மறுபடியும் போச்சு." மூடியைத் திறந்தால் சில பெட்டிகளில் ஃபியூஸ் மேல் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுற்றியிருக்கும். ஃபியூஸ் சும்மா போவதில்லை. காரணம் தெரியாமல் புதிது போட்டால் அதுவும் போகும். வெள்ளித்தாள் சுற்றினால் டிரான்ஸ்பார்மரே கருகும்.

இங்கே சொல்வது பெரிய இரும்பு டிரான்ஸ்பார்மர் உள்ள பழைய வகை ஆம்ப்ளிபயருக்கு. தூக்கினால் கை வலிக்கும் வகை. இலேசாக, சின்ன டிரான்ஸ்பார்மரோடு இருந்தால் அது ஸ்விட்சிங் சப்ளை. அதன் போர்டில் 325 வோல்ட்டுக்கும் மேல் டிசி நிற்கும், பழகாதவர்கள் தொடவே வேண்டாம்.

தேவையான சாமான்கள்: டயோட் சோதனை உள்ள டிஜிட்டல் மீட்டர், சால்டரிங் அயர்ன், 1 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று, 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்று. பல்பு பழைய மாதிரி, உள்ளே கம்பி எரிகிற வகையாக இருக்க வேண்டும். எல்இடி உதவாது.

முதலில் வெளியே, பிறகு உள்ளே

சுவரில் உள்ள சாக்கெட்டில் வேறு ஏதாவது செருகிப் பாருங்கள். நம் மூன்று முள் பிளக்குக்குள்ளும் ஒரு ஃபியூஸ் உண்டு, அதையும் மீட்டரில் பாருங்கள். இந்த இரண்டிலேயே தீர்ந்துபோகும் பழுதுகள் நிறைய.

தீரவில்லையா? பிளக்கைக் கழற்றி மேசை மேல் உங்கள் கண் எதிரில் வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. மூடியைத் திறந்ததும் டப்பா போன்ற பெரிய கெப்பாசிட்டர்கள் தெரியும். பிளக் கழற்றிய பிறகும் அவற்றில் கரண்ட் தங்கியிருக்கும். ரெசிஸ்டரின் இரண்டு கால்களிலும் காப்பிட்ட வயரைச் சேர்த்து, ஒவ்வொரு கெப்பாசிட்டரின் இரு முனைகளிலும் ஒரு நிமிடம் பிடியுங்கள். அப்புறம் மீட்டரில் அளந்து, 1 வோல்ட்டுக்குக் கீழ் வந்த பிறகே கையை உள்ளே விடுங்கள். திருப்புளியால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடுகிற பழக்கம் வேண்டாம்; கெப்பாசிட்டரும் கெடும், கண்ணுக்கும் ஆபத்து.

போன ஃபியூஸ் என்ன சொல்கிறது?

கண்ணாடி ஃபியூஸை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்பக்கம் கறுத்து அல்லது வெள்ளி பூசினாற்போல் மின்னினால், ஒரே நொடியில் பெரிய ஷார்ட் நடந்திருக்கிறது. கண்ணாடி தெளிவாக இருந்து கம்பி மட்டும் நடுவில் அறுந்திருந்தால், மெல்லச் சூடேறியோ வயதாகியோ போயிருக்கலாம். முனை உலோகத்தில் 'டி' என்ற ஆங்கில எழுத்து பொறித்திருந்தால் அது மெதுவாக எரிகிற ஃபியூஸ். அதே வகை, அதே ஆம்பியர் ஃபியூஸைத்தான் திரும்பப் போட வேண்டும்.

உள்ளே நன்றாகப் பாருங்கள், முகருங்கள். தோட்டத்து வீடுகளிலிருந்து வரும் பெட்டிகளில் எறும்புக் கூடும் பல்லி முட்டையும் சகஜம். கருகிய பல்லி ஒன்று டிரான்ஸ்பார்மர் வயர் முனைகளுக்குக் குறுக்கே கிடந்தால் பாதி வேலை முடிந்தது. கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, அடியில் ஈரமாக இருந்து மீன்வாடை அடித்தாலோ அது போய்விட்டது. காய்ந்த பழுப்புப் பசையைக் கசிவு என்று நினைத்துவிடாதீர்கள், அது அசையாமல் இருக்கத் தொழிற்சாலையில் ஒட்டியது.

பல்பு சோதனை

முக்கியமான படி இதுதான். ஆம்ப்ளிபயருக்குப் போகும் லைவ் வயரின் நடுவே குண்டு பல்பைத் தொடராக இணையுங்கள். புதிய கேபிளில் லைவ் பழுப்பு நிறம், பழையதில் சிவப்பு. நியூட்ரலும் எர்த்தும் நேராகவே போக வேண்டும். இணைப்புகள் எல்லாம் மூடிய பெட்டிக்குள் இருக்கட்டும், வெளியே செம்பு தெரியக்கூடாது. ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, சரியான ஃபியூஸைப் போட்டு, சுவிட்சைப் போடுங்கள்.

பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் ஷார்ட் எதுவும் இல்லை. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். அந்தக் கரண்ட்டைப் பல்பு வாங்கிக்கொள்வதால் ஃபியூஸும் மற்ற பாகங்களும் பிழைக்கும். எரியவே இல்லை என்றால் வழியில் ஏதோ அறுந்திருக்கிறது: சுவிட்ச், வயர், அல்லது டிரான்ஸ்பார்மர்.

ஷார்ட் என்றால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பிளக்கைக் கழற்றி, கெப்பாசிட்டரைக் காலி செய்த பிறகே கை வையுங்கள். பவர் சப்ளையிலிருந்து ஆம்ப்ளிபயர் போர்டுக்குப் போகும் வயர்களை முதலில் கழற்றுங்கள். பல்பு மங்கினால் பவர் சப்ளை நல்லது, குற்றம் போர்டில். இன்னும் எரிந்தால், டிரான்ஸ்பார்மரிலிருந்து பிரிட்ஜுக்கு (ஏசியை டிசியாக மாற்றும் நான்கு கால் பாகம்) வரும் வயர்களைக் கழற்றி முனைகளுக்குத் தனித்தனியாக டேப் சுற்றுங்கள். இப்போதும் எரிகிறதா? டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. அணைந்துவிட்டால் பிரிட்ஜ் அல்லது கெப்பாசிட்டர்.

பிரிட்ஜ்

நான் பார்த்தவரை இடிமழைக்குப் பிறகு வருவதில் அதிகம் சாகிறது இதுதான். வயர்களைக் கழற்றி மீட்டரை டயோட் சோதனையில் வையுங்கள். சிவப்பு முனை மைனஸ் காலில், கறுப்பு முனை இரண்டு ஏசி கால்களிலும் மாறி மாறி: ஒவ்வொன்றிலும் 0.5 முதல் 0.6 வரை காட்ட வேண்டும். பிறகு சிவப்பு ஏசி கால்களில், கறுப்பு பிளஸ் காலில்: அதே அளவு. முனைகளை மாற்றிப் பிடித்தால் எதுவும் கடத்தக் கூடாது. எங்காவது பூஜ்யம் காட்டினால் மாற்றிவிடுங்கள். 25 ஆம்பியர், 400 வோல்ட் பிரிட்ஜ் விலை குறைவு. கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளில் கிடைக்கும், ஷோப்பி இணையக் கடையிலும் வாங்கலாம். பின்பக்கம் சூட்டைக் கடத்தும் வெள்ளைப் பசை தடவி இரும்போடு இறுக்குங்கள்.

டிரான்ஸ்பார்மரின் முதன்மைச் சுருளை (சுவர் கரண்ட் வரும் பக்கம்) ஓமில் அளந்தால் பெரியதற்குச் சில ஓம், சிறியதற்குச் சில பத்து ஓம் வரும். ஒன்றும் காட்டவில்லை என்றால் சுருளுக்குள் மறைந்திருக்கும் வெப்ப ஃபியூஸ் போயிருக்கலாம். அதை நேராக இணைத்து ஓட்டாதீர்கள், வீடு எரியும்.

கெப்பாசிட்டர்

ஒலிக் கட்டுப்பாட்டைக் குறைத்தாலும் 'ஊம்' சத்தம் குறையாமல் வந்தால் பெரும்பாலும் இதுதான். புதியதன் வோல்ட் எண் பழையதைவிடக் குறையக் கூடாது. மைக்ரோஃபாரட் அதே அளவு, 105 டிகிரி சூடு தாங்கும் வகை. பக்கத்தில் கோடு போட்ட கால் மைனஸ். மாற்றிப் போட்டால் வெடிக்கும். அந்த ஊம் சத்தத்துக்காகப் பிளக்கில் எர்த் வயரை வெட்டிவிடுகிறார்கள், ஈரக் கையோடு மைக் பிடிப்பவரை யாரும் நினைப்பதில்லை.

கடைசி அளவு

போர்டைச் சேர்க்காமல், பல்பு மங்கிய பிறகு டிசி அளவுகளைப் பாருங்கள். டிரான்ஸ்பார்மரில் 35-0-35 (ஏசி வோல்ட்) என்றிருந்தால் பிளஸ், மைனஸ் இரண்டிலும் ஏறத்தாழ 48 வோல்ட் நிற்க வேண்டும், சுமை இல்லாததால் சற்றுக் கூடவும் வரலாம். இரண்டும் கிட்டத்தட்ட சமமாக இருப்பதே முக்கியம். அப்புறம் போர்டைச் சேர்த்து, பல்பு மங்கிவிட்டால் பல்பை எடுத்துவிட்டு நேராக ஓட்டலாம். ஸ்பீக்கரை மட்டும் உடனே மாட்டாதீர்கள். ஸ்பீக்கர் முனைகளில் டிசி அளந்து பாருங்கள்: 100 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் இணைக்கலாம். வோல்ட் கணக்கில் காட்டினால் அவுட்புட் டிரான்சிஸ்டர்களைச் சோதிக்க வேண்டும், அதுவரை ஸ்பீக்கர் தள்ளியே இருக்கட்டும்.