ஓவர்கிளாக்குக்கு முன் குளிர்ச்சி: ரெட்ரோ கேமிங்கிற்கு ராஸ்பெர்ரி பை 4-ஐத் தயார் செய்வது

நின்டெண்டோ 64 பந்தயம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் 10 நிமிடம் ஒரு குறையும் இல்லை. அதன் பிறகு பின்னணி இசை லேசாகக் கரகரக்கிறது. இன்னும் சற்று நேரத்தில் வளைவில் திரும்பும்போது வண்டி நின்று நின்று நகர்கிறது. நேற்றுதானே ஓவர்கிளாக் செய்தோம், அதாவது சிப்பின் வேகத்தை அதன் இயல்பான அளவுக்கு மேல் ஏற்றினோம், வேகம் கூடத்தானே வேண்டும் என்று போர்டைத் தொட்டுப் பார்த்தால் விரலை வைக்க முடியவில்லை.

அந்த இடத்தில் வந்து நிற்பவர்களுக்காகவும், இனிமேல்தான் ஓவர்கிளாக் செய்யப் போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பழைய விளையாட்டுகளை ஆடப் பலர் பயன்படுத்தும் சிறிய ஒற்றைப் போர்டு கணினியான ராஸ்பெர்ரி பை 4-ஐ மாதிரியாக எடுத்துக்கொள்கிறேன். மற்ற போர்டுகளிலும் வேலை செய்யும் வரிசை இதுதான், எண்கள் மட்டும் மாறும். கட்டளைகளையும் அமைப்பு வரிகளையும் உச்சரிப்பில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள், சொற்களுக்கு நடுவில் _ என்று வருவது அடிக்கோடு, ராஸ்பை-கன்ஃபிக்கில் வருவது மட்டும் சிறுகோடு.

ஏன் இவ்வளவு சூடு?

பை 4-இன் பிராசஸர் முதலில் 1.5 ஜிகாஹெர்ட்ஸ் வேகத்தில் வந்தது. பின்னால் வந்த போர்டுகள் புதிய மென்பொருளோடு 1.8 வரை தாமாகவே ஓடுகின்றன. அதை 2 ஜிகாஹெர்ட்ஸுக்கு ஏற்ற, வேகத்தோடு மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருக்கிறது. சிக்கல் அங்கேதான். சிப் இயங்கும்போது செலவாகும் மின்சாரம் வேகத்துக்கு நேர் விகிதத்தில் கூடும், ஆனால் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 1.5-இலிருந்து 2-க்குப் போனால் வேகம் 1.33 மடங்கு. அதற்காக மின்னழுத்தத்தை 15 சதவீதம் ஏற்றினால் 1.15-ஐ 1.15-ஆல் பெருக்க வேண்டும், 1.32 வரும். இரண்டையும் பெருக்கினால் 1.76. மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகத்துக்கு, முக்கால் பங்கு கூடுதல் சூடு.

சூடு 80 டிகிரி செல்சியஸை எட்டியதும் போர்டு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். 85-ஐத் தொட்டால் கிராபிக்ஸ் பகுதியின் வேகமும் குறையும். சிப் கெட்டுப்போகாமல் இருக்கச் செய்த நல்ல ஏற்பாடு இது. ஆனால் விளையாடுபவருக்குத் தொல்லை. நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடும் விளையாட்டில் ஒரு ஃபிரேமைத் தயாரிக்க 16.7 மில்லிநொடிதான் இருக்கிறது. அதற்குள் வேலை முடியவில்லை என்றால் ஒலிக்கான தரவும் தாமதமாகும். ஒரு ஃபிரேம் விட்டுப்போவதைக் கண் பெரும்பாலும் கவனிக்காது, ஒலி அறுபடுவதைக் காது உடனே பிடித்துவிடும். அதனால்தான் கரகரப்பு முதலில் வருகிறது.

படி 1: ஓவர்கிளாக் உங்களுக்கு வேண்டுமா?

சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ், பழைய ஆர்கேட் விளையாட்டுகள், முதல் பிளேஸ்டேஷன் ஆகியவை மட்டும்தான் என்றால் பை 4 இருக்கிறபடியே போதும். நின்டெண்டோ 64, டிரீம்காஸ்ட், பிஎஸ்பி, சேகா சாட்டர்ன் ஆடுகிறவர்களுக்குத்தான் கூடுதல் வேகம் பயன்படும். ரெட்ரோஆர்ச் என்ற எமுலேட்டர் மென்பொருளில், பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் தெரிவதற்கும் இடையிலான தாமதத்தைக் குறைக்கும் ரன்-அஹெட் வசதியைப் போட்டு ஆடுபவர்களுக்கும் உதவும், அது ஒரே ஃபிரேமை ஒன்றுக்கு மேற்பட்ட முறை கணக்கிட வைக்கிறது.

படி 2: இப்போதைய சூட்டை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்

எதையும் மாற்றும் முன் இதைச் செய்யுங்கள். பழைய விளையாட்டுகளுக்கான ரெட்ரோபை மென்பொருளில் கீபோர்டின் எஃப்4 பொத்தானை அழுத்தினால் மெனு மூடி, கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் வரும். அங்கே விசிஜென்சிஎம்டி மெஷர்_டெம்ப் என்று தட்டுங்கள். முதல் சொல் வி, சி, ஜி, இ, என், சி, எம், டி என்ற எட்டு எழுத்து. உடனே டிகிரியில் விடை வரும்.

விளையாட்டு ஓடும்போதே பார்ப்பது இதைவிட நல்லது. ராஸ்பை-கன்ஃபிக் என்ற அமைப்பு மெனுவில், வேறு கணினியிலிருந்து கட்டளை தட்ட உதவும் எஸ்எஸ்ஹெச்-ஐ இயக்கிவிட்டு, வேறொரு கணினியிலிருந்து போர்டுக்குள் நுழைந்து, அதே கட்டளைக்கு முன்னால் வாட்ச் என்று சேர்த்தால் 2 நொடிக்கு ஒருமுறை எண் புதுப்பிக்கப்படும். உங்களிடம் இருப்பதிலேயே கனமான விளையாட்டை அரை மணி நேரம் ஓட விட்டு, எண் எங்கே நிலைக்கிறது என்று பாருங்கள். தொடக்கத்தில் ஏறும் எண்ணை நம்ப வேண்டாம், போர்டை மூடியிருக்கும் பெட்டியான கேஸுக்குள் இருக்கும் காற்று சூடாகவே நேரம் பிடிக்கும்.

அந்த எண்ணோடு அறையின் வெப்பத்தையும் எழுதுங்கள். ஹீட்சிங்கும் (சிப்பின் சூட்டை வாங்கிக் காற்றில் பரப்பும் உலோகத் துண்டு) மின்விசிறியும் சிப்பை அறைக் காற்றைவிடக் குளிரச் செய்யாது. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைக் குறைப்பது மட்டும்தான் அவற்றின் வேலை. 25 டிகிரி அறையில் 70 காட்டினால் வித்தியாசம் 45. அதே போர்டு 35 டிகிரி அறையில் 80-ஐ நெருங்கிவிடும்.

படி 3: ஹீட்சிங்கை ஒட்டுவது

இந்தப் படியில்தான் நிறைய பேர் அவசரப்படுகிறார்கள். நான் முதன்முதலில் அலுமினிய ஹீட்சிங்க் கேஸ் ஒன்றைப் பொருத்தியபோது சூடு குறையவே இல்லை. விளையாடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் 80-ஐத் தாண்டியது. கேஸே மட்டம் என்று முடிவு கட்டினேன். நான்கு திருகையும் கழற்றிப் பார்த்தபோது, சிப்புக்கும் உலோகத்துக்கும் நடுவில் வைக்கும் நீல நிறத் தெர்மல் பேடின் ஒரு பக்கத்தில் கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. பேடுக்கு இரண்டு பக்கமும் தாள் உண்டு. ஒரு பக்கத்துத் தாளில் நிறமோ கோடோ இருப்பதால் உடனே தெரியும், மறுபக்கத்துத் தாள் நிறமற்றது. விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, மூலையை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். தாள் இருந்தால் ஓரம் பிரிந்து எழும். பிரிந்த பிறகு பேடின் மேல்பகுதி மங்கலாக, தொட்டால் லேசாக ஒட்டும்படி இருக்கும்.

அந்தத் தாள் ஏன் இவ்வளவு கெடுதல்? சூடு கடத்துவதில் அலுமினியம் நல்ல கெட்டிக்காரன், ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 200 வாட் அளவில் கடத்தும். அசையாத காற்று வெறும் 0.026. சிப்புக்கும் உலோகத்துக்கும் நடுவில் முடி அளவு காற்றிடைவெளி இருந்தாலும் சூடு அங்கேயே தேங்கிவிடும். பேடோ பேஸ்டோ அந்த இடைவெளியை நிரப்பத்தான். பிளாஸ்டிக் தாள் சூட்டையும் சரியாகக் கடத்தாது, பேடைச் சிப்போடு ஒட்டவும் விடாது.

போர்டின் மின்சாரத்தை முழுவதும் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். பை 4-இல் பிராசஸரின் மேல் வெள்ளி நிற உலோக மூடி இருக்கிறது, எளிதில் அடையாளம் தெரியும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய துணியால் அதைத் துடைத்துக் காய விடுங்கள். பேடை மூடியின் அளவுக்கு வெட்டி வையுங்கள். ஹீட்சிங்கை நேராக இறக்கி, 20 நொடி சீராக அழுத்துங்கள். திருகுள்ள கேஸ் என்றால் ஒரு திருகை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகாமல், எதிரெதிர் மூலைகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அப்போதுதான் பேட் ஒரே பக்கம் நசுங்காது. ஹீட்சிங்கின் ஓரம் பக்கத்திலுள்ள சிறு பாகங்களையோ ஊசிகளையோ தொடக்கூடாது, உலோகம் பட்டால் ஷார்ட் ஆகும்.

மின்விசிறியே இல்லாத கனமான அலுமினியக் கேஸ்கள் எனக்குப் பிடித்தவை, சத்தமே இல்லை. முழு உலோகக் கேஸில் வைஃபை கொஞ்சம் பலவீனமாகலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

படி 4: மின்விசிறி

மூடிய பிளாஸ்டிக் கேஸுக்குள் ஹீட்சிங்க் மட்டும் வைத்தால் சூடான காற்று உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். அது வெளியேற வழி வேண்டும். 30 அல்லது 40 மில்லிமீட்டர் மின்விசிறி ஒன்று, அது மெதுவாகச் சுற்றினாலும், பெரிய வித்தியாசம் செய்யும்.

இரண்டு கம்பி மின்விசிறியை இணைக்க, போர்டின் 40 ஊசிகளைப் பாருங்கள். விளிம்பை ஒட்டிய வரிசையில், எஸ்டி கார்டு பக்கமிருந்து எண்ணினால் முதல் ஊசி 2-ஆம் எண், அடுத்தது 4, மூன்றாவது 6. இதில் 2-ம் 4-ம் 5 வோல்ட், 6 கிரவுண்ட். சிவப்புக் கம்பி 4-இல், கறுப்பு 6-இல். சத்தம் அதிகம் என்றால் சிவப்பை உள்வரிசையின் முதல் ஊசியான 1-க்கு மாற்றலாம். அது 3.3 வோல்ட் என்பதால் விசிறி மெதுவாகச் சுழலும். சில விசிறிகள் அந்த வோல்ட்டில் தொடங்கவே தொடங்காது, கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். சமிக்ஞை அனுப்பவும் பெறவும் உள்ள மற்ற ஜிபிஐஓ ஊசிகளிலிருந்து நேரடியாக விசிறிக்கு மின்சாரம் எடுக்கவே கூடாது. விசிறி இழுக்கும் அளவை அந்த ஊசிகள் தாங்காது, போர்டு பழுதாகும்.

மூன்றாவது கம்பியோடு வரும் மின்விசிறியில், அதை இயக்கி நிறுத்தும் டிரான்சிஸ்டர் உள்ளேயே இருந்தால் அந்தக் கம்பியை ஜிபிஐஓ 14-இல், அதாவது 8-ஆம் ஊசியில் செருகுங்கள். பிறகு ராஸ்பை-கன்ஃபிக்கில் பெர்ஃபார்மன்ஸ் ஆப்ஷன்ஸ், அதற்குள் ஃபேன். அங்கே 60 டிகிரி என்று கொடுத்தால் 60-இல் ஓடத் தொடங்கி, 10 டிகிரி இறங்கியதும் நிற்கும். மெனுவில் இருக்கும்போது தேவையில்லாத இரைச்சல் இருக்காது. பை 5 வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை மிச்சம்: அதற்கான ஆக்டிவ் கூலர் 50 டிகிரியில் தானே தொடங்கி 75-இல் முழு வேகத்துக்குப் போகும்.

காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதையும் பாருங்கள். விசிறியின் மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கைகள் உள்ள பக்கத்தில்தான் காற்று வெளியே வரும். அந்தப் பக்கம் ஹீட்சிங்கைப் பார்த்து இருக்கட்டும். கேஸில் எதிர்ப்புறம் திறப்பு இல்லை என்றால் ஊதிய காற்று போக இடமில்லை. போர்டை டிவிக்குப் பின்னால் இடுக்கில் தள்ளாமல், முடிந்தால் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். சூடான காற்று தானே மேலே எழுந்து போகும்.

படி 5: வேகத்தை ஏற்றுவது

இப்போதுதான் ஓவர்கிளாக். அதற்கு முன் அடாப்டர் 5.1 வோல்ட், 3 ஆம்பியர் தருகிறதா என்று அதன் முதுகில் எழுதியிருப்பதைப் படியுங்கள். கைபேசி சார்ஜரால் இந்த வேலை ஆகாது.

எஸ்டி கார்டின் பூட் பகுதியிலுள்ள கன்ஃபிக் டாட் டிஎக்ஸ்டி கோப்பைத் திறந்து, கடைசியில் இரண்டு வரி சேர்க்க வேண்டும். ஒன்று ஓவர்_வோல்டேஜ், மற்றது ஆர்ம்_ஃப்ரீக் (ஃப்ரீக் என்பது எஃப், ஆர், இ, க்யூ). அகலக்கால் வைக்க வேண்டாம். 1.5 ஜிகாஹெர்ட்ஸ் போர்டு என்றால் முதலில் ஓவர்_வோல்டேஜ்=2, ஆர்ம்_ஃப்ரீக்=1750. அது நிலையாக ஓடினால் 4-ம் 1900-மும். பிறகு 6-ம் 2000-மும். 1.8-இல் ஓடும் போர்டு என்றால் நேராக 1900-இலிருந்து தொடங்குங்கள். ஓவர்_வோல்டேஜின் ஒவ்வொரு படியும் 0.025 வோல்ட்.

ஃபோர்ஸ்_டர்போ என்ற வரியைச் சேர்க்கும்படி சிலர் சொல்வார்கள். வேண்டாம். சும்மா இருக்கும்போது 600 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டிய சிப்பை அது எப்போதும் உச்ச வேகத்திலேயே பிடித்து வைக்கும். கூட்டிய மின்னழுத்தத்தோடு சேர்ந்தால் போர்டு ஓவர்கிளாக் செய்யப்பட்டது என்று காட்டும் அழியாத குறியையும் பதித்துவிடும்.

போர்டு தொடங்கவே இல்லை என்றால் பதற வேண்டாம். கார்டைக் கழற்றி வேறு கணினியில் செருகினால் பூட் பகுதி திறக்கும். அந்த இரண்டு வரியையும் அழித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

படி 6: ஒரு மணி நேரம் ஆடிவிட்டுக் கேளுங்கள்

ஒவ்வொரு படியிலும் ஒரு மணி நேரம் விளையாடிய பின், போர்டை அணைக்காமலே டெர்மினலுக்கு வந்து விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்டு என்று தட்டுங்கள். போர்டு தொடங்கியதிலிருந்து நடந்தது அனைத்தும் இதில் பதிவாகியிருக்கும். 0எக்ஸ்0 என்று வந்தால் ஒரு குறையும் இல்லை, அடுத்த படிக்குப் போகலாம்.

0எக்ஸ்50000 போல ஐந்து இலக்கம் வந்தால் எக்ஸுக்கு அடுத்த இலக்கத்தைப் பாருங்கள். அது ஒரு கூட்டுத்தொகை. மின்னழுத்தம் குறைந்திருந்தால் 1, வேகத்துக்கு வரம்பு விதிக்கப்பட்டிருந்தால் 2, வேகம் குறைக்கப்பட்டிருந்தால் 4, மென் வெப்ப வரம்பைத் தொட்டிருந்தால் 8. ஆக 5 என்றால் 1-ம் 4-ம்: மின்சாரம் போதவில்லை, அதனால் வேகம் குறைந்தது. இங்கே எத்தனை ஹீட்சிங்க் ஒட்டினாலும் பயனில்லை, அடாப்டரையும் கேபிளையும் மாற்றுங்கள். ஒன்பதுக்கு மேல் ஆங்கில எழுத்து வரும், ஏ என்றால் 10, இ என்றால் 14. 14 என்பது 8, 4, 2 மூன்றும் சேர்ந்தது. இதில் 1 இல்லை, ஆகவே மின்சாரத்தில் குறையில்லை, சூடுதான் காரணம். படி 3-க்கும் 4-க்கும் திரும்புங்கள்.

சூடு 70-க்குள் நின்றும் விளையாட்டு திடீரென்று உறைந்தால் அந்தச் சிப்புக்கு அந்த வேகம் தாங்கவில்லை. ஒரு படி இறக்குங்கள். சிப்புக்குச் சிப் இது மாறும். 1900-இல் நாள் முழுக்க நிலையாக ஓடும் போர்டையே நான் விரும்புவேன், 2000-க்கு ஏறி அரை மணியில் 1500-க்கு இறங்கும் போர்டில் எந்தப் பந்தயத்தையும் நிம்மதியாக முடிக்க முடியாது.

எல்லாம் சரியாக வந்த பிறகு, வெயில் உச்சத்தில் இருக்கும் ஒரு மதியம் இதே சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். குளிர்ந்த அறையில் கிடைத்த எண்ணோடு ஒப்பிட்டு, 75-ஐத் தாண்டினால் ஓவர்_வோல்டேஜை இரண்டு குறைத்து, வேகத்தை முந்தைய படிக்குக் கொண்டு வாருங்கள். சில மாதம் கழித்து அதே அறையில், அதே விளையாட்டில் எண் கூடியிருந்தால் விசிறியின் இறக்கைகளைப் பாருங்கள். தூசி படிந்திருக்கும். போர்டை அணைத்து, இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு மென்மையான தூரிகையால் துடைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.